ஊர் காட்டும் மாணிக்கவாசகம்

என் வீட்டுக்காரர் மாணிக்கவாசகத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் அதில் மூன்று திட்டாகத்தான் வரும். இருந்தாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

மத்திய அரசில் கிளார்க்காகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். ஆபீசில் யாருக்கும் அவர் பெயர் முழுசாக வாயில் நுழையாது; ‘மாணிக் சாப்’ என்று நறுக்கிவிட்டார்கள். ஆனால் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை எங்கள் சொந்தபந்தத்தில் அவருக்கு இருக்கும் பெயரே வேறு. ‘டெல்லிக்குப் போனா கவலையே இல்ல, மாணிக்கம் ஊரைக் காட்டிடுவான்.’ மச்சினன், மச்சினனின் மாமனார், அந்த மாமனாரோடு ரயிலில் சிநேகமானவர் என்று வருஷம் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கும். இவரும் லீவைப் போட்டுவிட்டு, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். நானோ வடிக்கவும் வறுக்கவும் வீட்டிலேயே கிடப்பேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து டெல்லியில்தான் இருக்கிறேன், குதுப் மினாரை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

ஊர் காட்டுவதில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. காலில் தெம்பு இருக்கும்போதே உயரமான இடத்தை முடித்துவிட வேண்டும். அதனால் காலையில் குதுப். அப்புறம் சாமி, ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர். உச்சி வெயிலில் செங்கோட்டை. அங்கிருந்து கரோல் பாக் கடைவீதி, போர்வையும் ஸ்வெட்டரும் வாங்க. பொழுது சாயும் நேரத்தில் இந்தியா கேட். அங்கே தண்ணீர் ஓரம் புல்லில் உட்கார வைத்து ஐஸ்கிரீம். அத்தோடு வீட்டுக்குக் கூட்டிவந்தால் விருந்தாளி சாப்பிட்டதும் தெரியாது, தூங்கினதும் தெரியாது. “களைச்சுப் போன விருந்தாளி கேள்வி கேக்க மாட்டார், இளவரசி” என்பார் என்னிடம், ஏதோ பெரிய ராஜ தந்திரம் போல.

அந்தத் தந்திரம் எங்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட வருஷம் ஒன்று இருந்தது. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்தோம். சிந்து, எங்கள் ஒரே மகள், அப்போது ஒன்றாம் வகுப்பு. இவருக்கு மெட்ராஸுக்கு மாற்றல் வந்தது. நான் அதற்காக வேண்டாத தெய்வமில்லை. இவர் என்ன செய்தார் தெரியுமா? ப்ரமோஷன் தள்ளிப்போகும் என்று, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். பக்கத்து பிளாக் பெண்பிள்ளை வாய் வழியாக எனக்கு விஷயம் தெரிந்தது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஒரு மாதமா, இரண்டு மாதமா? ஒரு குளிர்காலம் முழுக்க. வீட்டுக்குள் நடந்த பேச்சுவார்த்தையெல்லாம் சிந்து மூலமாகத்தான். ‘அப்பாவுக்குச் சட்னி வேணுமான்னு அம்மா கேக்கறாங்க.’ ‘வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லு.’ மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு!

அந்த நேரம் பார்த்து என் அப்பா வந்து இறங்கினார். மகள் குடித்தனம் நடத்தும் அழகைப் பார்க்க, முதல் முறையாக. இவர் ஒரு வாரம் லீவு போட்டார். பொழுது விடிந்தால் அப்பாவைக் கிளப்பிக்கொண்டு, சிந்துவையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு போய்விடுவார். குதுப், கோயில், கோட்டை, கடை, தண்ணீர். அடுத்த நாள் வேறு உயரம், வேறு கோயில். ஒரு நாள் ஆக்ரா. இந்தியா கேட்டில் சிந்து, “தாத்தா, அம்மாவும் அப்பாவும்...” என்று ஆரம்பித்திருக்கிறாள். இவர் உடனே ஒரு ஆரஞ்சு ஐஸை வாங்கி அவள் வாயில் கொடுத்துவிட்டாராம். பின்னாளில், எங்களுக்குள் எல்லாம் சரியான பிறகு, சிரித்துக்கொண்டே இதைச் சொல்வார். அப்பாவுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ரயிலில் ஊர் திரும்பியவர் அதற்குப் பிறகு டெல்லிப் பக்கமே வரவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். சரி, வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

இனி பிராக் கதைக்கு வருகிறேன்.

சிந்து கௌதமனைக் கட்டிக்கொண்டு, அவனுடைய கம்பெனி வேலைக்காக ஐரோப்பாவில் பிராக் என்கிற அந்த ஊருக்குப் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. பேத்தி மானசா அங்கேயே பிறந்தவள். இவர் ரிட்டயர் ஆகி நாங்கள் ஜனக்புரிக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ கால். போன தீபாவளிக்குப் பிறகு அதில் மாப்பிள்ளை முகத்தைக் காணோம். கேட்டால், “குளிக்கறார்மா.” அடுத்த வாரம், “குளிக்கறார்மா.” ஒரு மனுஷன் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே நேரத்துக்கா குளிப்பான்? பிறகு மீட்டிங் என்றாள், ஜிம் என்றாள். பின்னால் தெரிகிற சுவரும் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு புத்தக அலமாரி தெரியும். இப்போது வெறும் வெள்ளைச் சுவர். இவரிடம் சொன்னால், “நீ சும்மா எதையாவது கிளப்பாதே” என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அதனால்தான் கிளம்பினேன். நான் அந்த ஊருக்குப் போனது கோட்டை பார்க்க அல்ல. என் மகள் நன்றாக இருக்கிறாளா என்று பார்க்க. அந்த ஒன்றுக்காகத்தான் முட்டிவலியோடு விமானம் ஏறினேன்.

விமான நிலையத்தில் சிந்துவும் குழந்தையும் மட்டும் நின்றார்கள். கட்டிக்கொண்டபோது சிந்துவின் தோள் எலும்பு என் கன்னத்தில் இடித்தது.

“மாப்பிள்ளை வரலையாம்மா?”

“ஆபீஸ் வேலையா ஜெர்மனி போயிருக்கார்மா. திடீர்னு.”

“வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“வீட்ல பாத்ரூமை உடைச்சுப் போட்டிருக்காங்கம்மா, ஒரே தூசி. அப்பாவுக்கு இருமல் வந்துடும். உங்களுக்கு டவுன் நடுவுலேயே ஒரு ஃப்ளாட் எடுத்திருக்கேன். எல்லாம் பக்கம். நானும் மானசாவும் உங்ககூடவே இருக்கோம்.”

ஃப்ளாட் அழகாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஜன்னலைத் திறந்தால் கோபுரம் கோபுரமாகத் தெரிந்தது. ஆனால் அது யாரோ முன்பின் தெரியாதவர் வீடு. என் பெண்ணின் அரிசி டப்பாவைத் திறந்து பார்க்க வந்தவளுக்குக் கோபுரம் எதற்கு?

மறுநாள் காலையில் ட்ராம் ஏற்றிக் குன்றின் மேல் இருக்கும் கோட்டைக்குக் கூட்டிப்போனாள். மாதா கோயில் கோபுரத்துப் படிகளில் இவர் ஏறினார். நான் கீழே உட்கார்ந்தேன். பிறகு கோயிலுக்குள் கலர் கண்ணாடி. பிறகு ராஜாவின் மண்டபங்கள். பிறகு கற்கள் பாவிய தெருவில் இறங்கிக் கடைவீதி. சாயங்காலம் ஆற்றங்கரை. அதற்கடுத்த நாளும் அப்படியே, வேறு குன்று, வேறு கோயில். மணிக்கூண்டு ஒன்று இருக்கிறது. மணி அடிக்கும்போது மேலே ஜன்னல் திறந்து பொம்மைச் சாமியார்கள் வரிசையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதன் அடியில் ஊரே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. எங்கள் ஆள் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். “அடேயப்பா! எந்தக் காலத்துல செஞ்சதும்மா இது?” என்று கேட்பதும், சிந்து ஒப்பிப்பதும், இவர் மறுபடி ஒன்று கேட்பதும். எனக்கு எரிச்சலான எரிச்சல் இல்லை. பெண் கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, பெற்ற அப்பனுக்குப் பொம்மை முக்கியமாகிவிட்டது!

“சிந்து, உன் வீட்டை ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வந்துடலாமே. தூசி இருந்தா இருந்துட்டுப் போகுது” என்றேன்.

“ரெண்டு ட்ராம் மாறணும்மா. அரை நாள் வேஸ்ட். நாளைக்கு போட் டிக்கெட் எடுத்திருக்கேன்.”

“விடு இளவரசி, அவ ப்ளான் போட்டு வச்சிருக்கா” என்றார் இவர். இவர் வாயைத் தைக்க எனக்கு ஒரு ஊசி கிடைக்கவில்லை.

ஆற்றின் மேல் ஒரு பழைய பாலம் உண்டு. இரண்டு பக்கமும் கற்சிலைகள். அதில் ஒரு சாமியார் சிலை. அதன் கீழே ஒரு தகட்டில் கை வைத்து வைத்து அந்த இடம் மட்டும் குத்துவிளக்கு போலத் தேய்ந்து பளபளத்தது. சிந்து அந்தக் கதையைச் சொன்னாள். ராணி இந்தச் சாமியாரிடம் மனசில் இருந்ததைச் சொல்லியிருக்கிறாள். ராஜா, என்ன சொன்னாள் என்று கேட்டான். சாமியார் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

“சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாரு இல்ல?” என்றேன், அவள் முகத்தைப் பார்த்து.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். “சொன்னா ராணி மாட்டியிருப்பாங்களேம்மா” என்றாள். பிறகு, “கை வைங்க, நல்லதாம்” என்று என் கையைப் பிடித்து அந்தத் தகட்டில் வைத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஆற்றங்கரை பெஞ்சில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். அன்னப்பறவைகள் கரையோரம் வந்து ரொட்டிக்கு நின்றன. மானசா தாத்தாவின் மடியில். தமிழ் அவளுக்கு அரைகுறை. ஆனால் பூனை, நாய் என்றால் தமிழ் எங்கிருந்தோ வந்துவிடும்.

“தாத்தா, அப்பா வீட்ல பூனை இருக்கு. அதுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்” என்றாள்.

நம்ம வீட்டில் என்று சொல்லவில்லை. அப்பா வீட்டில்.

இவர் குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. சிந்து சட்டென்று எழுந்தாள். “மானு, ஐஸ்கிரீம் வேணுமா? வா வா, கியூ பெருசாகறதுக்குள்ள போலாம்.” குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். இப்போது கேட்டுவிட வேண்டியதுதான் என்று நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, “எனக்கும் ஒண்ணு வாங்கும்மா” என்றார்.

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன்.

“கேட்டீங்கல்ல? காது இருக்குல்ல?”

“கேட்டுது.”

“ஜெர்மனியாவது ஒண்ணாவது! தனியாப் போயிட்டான் அந்தப் பாவி. அவகிட்ட கேளுங்க. நீங்க கேக்கலைன்னா நான் கேக்கறேன்.”

“வேண்டாம். அவ காட்டறதைப் பாத்துட்டுப் போவோம். காட்டாததைக் கேட்டா, அவ இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும். அவளா சொல்லுவா.”

“எப்ப? நாம செத்தப்புறமா?”

சிந்து ஐஸ்கிரீமோடு திரும்பி வந்தாள். நான் கேட்டிருக்கலாம். யார் என் கையைக் கட்டினார்கள்? கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். உருகி வழிந்த ஐஸ்கிரீமைப் பிடித்துக்கொண்டு அன்னப்பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விமான நிலையத்தில் சிந்து, “எல்லாம் பாத்தீங்கல்ல? பிடிச்சுதுல்ல?” என்று இரண்டு தடவை கேட்டாள். இவர், “அற்புதம்மா, அற்புதம்” என்றார்.

டெல்லியில் இறங்கினால் ஜூன் மாதத்து அனல். ஜனக்புரி வீடு பூட்டிக் கிடந்த வாசனையோடு இருந்தது. மறுநாள் காலையில் நான் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இவர் கூலரைக்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“காபி வேணுமா?” என்றேன். நிமிர்ந்து பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறார். தன் அம்மா செத்துப்போனபோதுகூட இந்த மனுஷன் கண்ணில் நான் தண்ணீரைப் பார்த்ததில்லை.

“எனக்கு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு, இளவரசி.”

“என்ன தெரிஞ்சுது?”

“உயரமான இடம், கோயில், கோட்டை, கடை, கடைசியில தண்ணி. அது நான் போட்ட வரிசை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து கத்துக்கிட்டா. அவ எதையோ மறைக்கறான்னு கோபுரத்துப் படி ஏறும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சும் பொம்மையைப் பாத்துட்டு நின்னீங்களா?”

“உங்கப்பா அப்படித்தானே நின்னாரு.”

“எங்கப்பாவா?”

“அவருக்குத் தெரியும். புது டெல்லி ஸ்டேஷன்ல ரயில் ஏத்திவிடப் போனேன்ல. பெட்டியெல்லாம் வச்சப்புறம் ஜன்னல் வழியா என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ‘மாப்பிள்ளை, ஊரெல்லாம் காட்டிட்டீங்க. என் பொண்ணைத்தான் காட்டலை’ன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கலை. ரயில் கிளம்பிடுச்சு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “கேக்காம போனது பெரிய மனுஷத்தனம்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டிருந்தேன். நம்ம பொண்ணுகிட்ட நானும் அப்படி இருக்கணும்னு நினைச்சேன். ஏர்போர்ட்ல அவ கை ஆட்டினப்பதான் உறைச்சுது, கேக்காம விட்டது தப்புன்னு.”

இத்தனை வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! கையில் இருந்த புடவையை அவர் மேல் வீசினேன். அப்பா குளிருக்குப் பயந்து வராமல் இருந்தார் என்று அவர் காரியத்தன்றுகூட நான் ஊராரிடம் சொல்லிக்கொண்டிருந்தேனே. அந்த வாரம் தினமும் ராத்திரி அப்பா களைத்துப் போய் வந்து உட்காருவார். நான் தட்டை வைப்பேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். அவர் ஒரே ஒரு தடவை, ‘என்னம்மா?’ என்று கேட்டிருந்தால் அந்தத் தட்டின் முன்னாலேயே விழுந்து அழுதிருப்பேன். அவர் கேட்கட்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சாதம் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மரியாதையாம் மரியாதை!

போனை எடுத்தேன். “ஞாயித்துக்கிழமை இல்லையே இன்னிக்கு” என்றார் இவர். “வாயை மூடுங்க” என்றேன்.

அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். நாலைந்து மணி அடித்த பிறகு சிந்து எடுத்தாள். தலை கலைந்திருந்தது. பின்னால் அந்த வெள்ளைச் சுவர்.

“என்னம்மா? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே? பத்திரமாப் போய்ச் சேந்தீங்களா?”

“சேந்தாச்சு. சிந்து, எங்களுக்கு எல்லாத்தையும் காட்டிட்டேடி. கோட்டையைக் காட்டினே, பாலத்தைக் காட்டினே, மணிக்கூண்டைக் காட்டினே. உன்னைத்தான் காட்டலை.”

படம் நின்றுபோய்விட்டதோ என்று நினைத்தேன்; கண் மட்டும் சிமிட்டியது. இவர் என் பக்கத்தில் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

“அப்பாவும் இருக்கார். ரெண்டு பேருக்கும் தெரியும். பயப்படாதே. காட்டு” என்றேன்.

கேமரா திரும்பியது.

ஒரே ஒரு அறை. சுவரோரம் ஒரு கட்டில். அதில் மானசா போர்வையை உதைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மேஜை, அதன் மேல் கரண்ட் அடுப்பு, அதன் மேல் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த குக்கர். திறக்காத அட்டைப்பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. மேல் பெட்டியில் குழந்தையின் ஸ்கூல் பையும் சீப்பும். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

“இதாம்மா வீடு. பிப்ரவரியிலேர்ந்து இங்கதான். பாத்ரூம் வெளியில, இன்னும் ரெண்டு பேரோட சேத்து. கௌதம் வேற ஒருத்தியோட இருக்கார்மா. சனிக்கிழமை மானுவைக் கூட்டிட்டுப் போவார்.” அந்த ஊரைச் சுற்றிக் காட்டும்போது ஒப்பித்த குரல் இல்லை அது. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். கேமரா மறுபடி அடுப்பு, கட்டில், பெட்டி என்று ஒரு சுற்று சுற்றி வந்து தரையைப் பார்த்து நின்றது. “அவ்வளவுதாம்மா. காட்டறதுக்கு வேற ஒண்ணும் இல்ல.”

“இருக்கு. கேமராவைத் திருப்பும்மா” என்றார் இவர்.

கொஞ்ச நேரம் தரைதான் தெரிந்தது. பிறகு திருப்பினாள். நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.